ஆயில் கேட்ச் கேன்: லாரிக்குப் போடலாமா?

ஆயில் கேட்ச் கேன் என்பது பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் குழாய்) வழியில் மாட்டி, புகையோடு வரும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பா. பிரீதர் புகை திரும்ப டர்போவுக்குள் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் பாகம்) போகும் டீசல் வண்டிக்குத்தான் இது பயன்படும். அந்தப் புகையில் உள்ள எண்ணெய் ஆவி, இஜிஆர் (சைலன்சர் பக்கம் போகும் புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) கொண்டுவரும் கரியோடு சேர்ந்து, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் தார் மாதிரி ஒட்டும். பிரீதர் வெளியே திறந்திருக்கும் பழைய லாரிக்கு வெட்டிச் செலவு.

வாங்கும்போது கடையிலேயே மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தடுப்புத் தகடும் ஸ்டீல் வலையும் இல்லையென்றால் அது பளபளப்பான டப்பா, அவ்வளவுதான். பிக்கப்புக்கு அரை லிட்டர் கேன் போதும். ஹோஸின் உள்விட்டம் பிரீதர் குழாய்க்குக் குறையக் கூடாது. எண்ணெய் தாங்கும் ரகம்தான் வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் போட்டால் ஊறி உப்பி அடைக்கும். அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) மேலே தள்ளும், கிராங்க் ஆயில் சீல் ஒழுகும். வலை அடைத்தாலும் இதே கதை.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மார்த்தாண்டம், தக்கலை என்று குறைந்த தூரமே ஓடினால் என்ஜின் முழுசாகச் சூடாகாது. கேனில் மோர் நிறத்தில் தண்ணீர் கலந்து நிற்கும். மழைக்காலத்தில் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை வடியுங்கள். வடித்ததைத் திரும்ப என்ஜினில் ஊற்றாதீர்கள்.

ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை பொங்கினால், கேன் வாங்கும் முன் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டியில் உள்ள பிஎஸ்-6 வண்டியில் கை வைக்க வேண்டாம்.