ரசீதின் பின்பக்கம்: கத்தரி மாதிரிகளோடு நான்கு ஆண்டுகள்

பாகூரில் கத்தரி வைத்திருக்கும் என் மைத்துனர், வாடும் செடிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பயனுண்டா என்று சென்ற வாரம் கேட்டார். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் அரை ஏக்கரில் பி.எல்.ஆர். 1 (பாலூர் 1) ரகக் கத்தரி பயிரிடும் நான், நான்கு ஆண்டுகளில் ஐந்து முறை ஒரே ஆய்வகத்தில் மாதிரி கொடுத்திருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

முதல் மாதிரி முழுத் தோல்வி. முற்றிலும் காய்ந்த செடியாகப் பார்த்துப் பிடுங்கி, ஏற்கெனவே செத்ததற்குத் தண்ணீரும் தெளித்து, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் போட்டேன். திங்களன்று அங்கே பிரித்தபோது கூழாகியிருந்ததாம். ‘மாதிரி அழுகியதால் நோய்க்காரணியைக் கண்டறிய இயலவில்லை’ என்ற ஒற்றை வரி அறிக்கையோடு கட்டண ரசீது வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கோபம் தலைக்கேறியது. மாதிரியை எப்படி எடுத்துக் கட்ட வேண்டும் என்ற குறிப்புகள் அனைத்தும் அந்த ரசீதின் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருந்தன.

குறிப்புகளில் குறையொன்றுமில்லை. செத்த செடியில், செத்ததை உண்டு வளரும் மட்குண்ணிப் பூஞ்சைகள் மண்டி உண்மையான நோய்க்காரணியை மறைத்துவிடும் என்பதால், அப்போதுதான் வாடத் தொடங்கிய செடியை வேரும் மண்ணுமாகத் தோண்டியெடுக்க வேண்டும். இலையும் தண்டும் நனையாமல் செய்தித்தாளில் சுற்றப்பட வேண்டும். வேர்ப்பகுதியை மட்டும் மண்ணோடு பாலித்தீன் பையிலிட்டு, மண் இலைமேல் சிந்தாதபடி தண்டடியில் கட்ட வேண்டும். மண் காய்ந்தாலோ வெயிலில் சூடேறினாலோ வேரைத் துளைத்து முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணிய வேர்முடிச்சு நூற்புழுக்கள் செத்து, ஆய்வுக்குக் கிடைக்காமல் போய்விடும். இலைக்குப் பகையான பாலித்தீன் வேருக்கு உறவாவது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை நேரிலேயே கொண்டுபோனேன். அங்கிருந்த அம்மையார் தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் இருந்த தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடித்தார். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழை ஒன்று தண்டிலிருந்து நீருக்குள் மெல்ல இறங்கியது. பாக்டீரியா வாடல். இலைகள் மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கியதற்குக் காரணம் அதுதான் என்றும், பூஞ்சைக்கான கார்பென்டாசிமை நான் மூன்று முறை ஊற்றியது வீண் என்றும் விளக்கினார். வேரில் முடிச்சுகளும் இருந்தன. நூற்புழு துளைத்த காயங்கள் பாக்டீரியாவுக்கு வாசலாகியிருந்தன. மறு பட்டத்தில், இதே நோய்க்கு ஆளாகும் தக்காளியோ மிளகாயோ வைக்காமல் நெல் நட்டேன். அந்த டம்ளரை நான் இன்னும் மறக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், படிவத்தில் ‘அடித்த மருந்துகள்’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று மட்டும் எழுதியவன் நான்தான். பயிரின் வயது, பாசன முறை, நோய் திட்டுத்திட்டாகப் பரவியதா வயல் முழுதுமா என்பதையெல்லாம் எழுதாமல் சரியான விடையை எதிர்பார்த்தது என் தவறு. ஆனால் குறிப்புகளை வாசலிலேயே ஒட்டுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். சென்ற மாதம் ஐந்தாம் மாதிரிக்குக் கிடைத்த ரசீதிலும் அவை பின்பக்கத்தில்தான் இருந்தன.

ஆகவே அந்த ஆய்வகத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன். அதில் ஒன்று அந்த டம்ளருக்கு. மைத்துனருக்கு என் பழைய ரசீதைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். திங்கள் காலையில் மாதிரியோடு நேரில் போகிறார்.