மாதம் பிறந்தால் பணம் எங்கிருந்து வரும்: அஞ்சலகமா, வங்கியா, ஃபண்டா?

2024 ஜூன் இறுதியில், 53 வயதில், தனியார் நிறுவன வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். சொந்த வீடு இருக்கிறது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். கடன் எதுவும் இல்லை. எனவே, நிறுவனம் கொடுத்த தொகையும் சேமிப்பும் சேர்ந்த 50 லட்சத்திலிருந்து மாதம் 31,000 ரூபாய் அளவுக்கு எப்படி வரவழைப்பது என்பதுதான் என் முன்னிருந்த ஒரே கணக்கு. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் மனைவியோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக 15 லட்சம், வங்கி எஃப்.டி.யில் 20 லட்சம், பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஒரு ஹைபிரிட் மியூச்சுவல் ஃபண்டில் 15 லட்சம் என்று பிரித்துப் போட்டு, மூன்றிலிருந்தும் மாதாமாதம் பணம் வரும்படி ஏற்பாடு செய்துகொண்டேன். ஓராண்டு முடிந்த நிலையில் என் சாய்வு அஞ்சலகத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இந்தப் போட்டியிலேயே இல்லை. அதில் வட்டி 8.2 சதவீதம் என்பதால் பலரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் அதில் சேரக் குறைந்தது 55 வயது ஆகியிருக்க வேண்டும். பணப்பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேர்ந்துவிடவும் வேண்டும். 53-இல் வெளியே வந்த எனக்கு அந்தக் கதவு 60-இல்தான் திறக்கும். மூத்த குடிமக்களுக்கு வங்கிகள் தரும் கூடுதல் அரை சதவீதத்துக்கும் இதே கதைதான்.

பாதுகாப்பு, வரி ஆகிய இரண்டைப் பற்றியும் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. ஃபண்டுக்கு உத்தரவாதமே கிடையாது. வட்டி வருமானம் முழுவதும் வரிக்கணக்கில் சேரும் என்பதும், ஃபண்டில் எடுக்கும் தொகையில் லாபப் பகுதி மட்டுமே சேரும் என்பதும் உண்மைதான். ஆனால் புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைப்பதால், என்னைப் போன்றவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை.

என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது ஒன்றே ஒன்று: போட்ட பணத்தை மறுபடி எப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்பது. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை, எஃப்.டி. முதிர்ந்தால் அது தானாகப் புதுப்பிக்கப்படும், வட்டி கால் சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுச் செலவைத் தொடாது. அந்த வட்டியே அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் ஆன பிறகுதான் புதுப்பிக்கும் தேதியின் கனம் தெரிந்தது. 2024 ஜூலையில் என் வங்கிக் கிளையில் ஓராண்டு வைப்புக்கு 7.10 சதவீதமும் ஐந்தாண்டு வைப்புக்கு 6.50 சதவீதமும் தந்தார்கள். கூடுதல் வட்டி கண்ணை உறுத்தியதால் 20 லட்சத்தையும் ஓராண்டுக்கே போட்டேன். மாதாமாதம் வட்டி கேட்டால் சற்றுக் குறைத்துத்தான் தருவார்கள்; அப்படியும் கிட்டத்தட்ட 11,800 ரூபாய் வந்துகொண்டிருந்தது.

2025 பிப்ரவரியில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டி; இது இறங்கினால் வைப்பு வட்டியும் இறங்கும்) ரிசர்வ் வங்கி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை குறைத்து 5.50-க்குக் கொண்டுவந்தது. ஜூலையில் என் வைப்பு முதிர்ந்தபோது கிளை அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், 6.35 என்றிருந்தது. நான் பழைய ரசீதை எடுத்து நீட்டியதும், "சார், போன வருஷம் போட்டது போன வருஷம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆண்டுக்கு 15,000 ரூபாய், அதாவது மாதம் 1,250 ரூபாய், ஒரே நாளில் குறைந்தது. எங்கள் வீட்டில் அது ஒரு மாத எரிவாயு உருளைக்கும் தொலைபேசிக் கட்டணங்களுக்கும் ஆகும் தொகை.

அதே ஜூலையில் அஞ்சலகக் கணக்கில் வழக்கம்போல 9,250 ரூபாய் வரவாகியிருந்தது. கணக்குத் தொடங்கிய அன்றைய 7.4 சதவீத வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது என்பதுதான் இத்திட்டத்தின் உயிர். என் கணக்கு 2029 ஜூலையில் முதிரும்போது எனக்கு 58 ஆகியிருக்கும், பி.எஃப். ஓய்வூதியம் முழுமையாகத் தொடங்கும் வயதும் அதுதான். (50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள் என்பதால் நான் கேட்கவில்லை.) இடைப்பட்ட ஐந்தாண்டில் இந்தத் தொகைக்காக நான் யார் மேசை முன்னாலும் போய் உட்கார வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. கூட்டுக் கணக்கில் 15 லட்சம், தனிக் கணக்கில் 9 லட்சம் என்ற உச்சவரம்புக்கு மேல் போட முடியாது. முதல் ஆண்டில் பணத்தை எடுக்கவே முடியாது. மூன்றாண்டுக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம், அதாவது என் கணக்கில் 30,000 ரூபாய், போய்விடும். தொடக்கத்தில் நானே ஒரு தவறு செய்தேன்: வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் படிவத்தைக் கொடுக்க மறந்துவிட்டேன். மூன்று மாத வட்டி 27,750 ரூபாய் அப்படியே தேங்கிக் கிடந்தது. எடுக்காத வட்டிக்கு வட்டி கிடையாது என்பதை, பாஸ்புத்தகத்தில் மங்கலாக அச்சான வரிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, 2029-இலும் இது இதே 9,250 ரூபாயாகத்தான் இருக்கும். விலைவாசி இப்படியே நிற்காது.

அதற்குத்தான் ஃபண்ட் என்பார்கள். அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல என் ஓராண்டு அனுபவம் போதாது. 2024 ஆகஸ்ட் முதல் மாதம் 10,000 ரூபாய் எடுக்கும்படி எஸ்.டபிள்யூ.பி. (ஃபண்டில் நமக்குள்ள யூனிட்களில் சிலவற்றை மாதாமாதம் விற்றுப் பணம் தரும் முறை) ஏற்பாடு செய்திருந்தேன். செப்டம்பர் இறுதியில் 26,200-ஐத் தாண்டிய பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் தொடக்கத்தில் 22,100 வரை இறங்கியது. யூனிட் மதிப்பு 50 ரூபாயாக இருந்தபோது 10,000 ரூபாய்க்கு 200 யூனிட் விற்றால் போதும்; 45 ஆனபோது 222 விற்க வேண்டியிருந்தது. விலை இறங்கிய மாதத்தில் அதிகம் விற்பது, விதைநெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிடுவதுபோல் உறுத்தியது. மார்ச்சில் எட்டாவது தவணையோடு நிறுத்திவிட்டு, அவசரத்துக்கென்று சேமிப்புக் கணக்கில் வைத்திருந்த பணத்தில் ஈடுகட்டினேன். நான் நிறுத்திய பிறகு சந்தை மீண்டு, ஜூன் இறுதிக்குள் நிஃப்டி 25,000-ஐத் தாண்டியது. நிறுத்தாமல் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. பத்தாண்டு இதே ஏற்பாட்டில் வாழ்ந்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஃபண்டிலிருந்து மாதச் செலவுக்குப் பணம் எடுப்பதைத்தான் நிறுத்தியிருக்கிறேன், ஃபண்டை விற்கவில்லை. விலைவாசிக்கு ஈடாக அது வளர்ந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஜூலையில் முதிர்ந்த 20 லட்சத்தில் பாதியை அஞ்சலகத்தின் ஐந்தாண்டு வைப்பில் போட்டுவிட்டேன். அதில் உச்சவரம்பு கிடையாது; வட்டி 7.5 சதவீதம், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான் தருவார்கள் என்பதால், அதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டுச் செலவழிக்கும் கட்டுப்பாடு நமக்கு வேண்டும். மீதிப் பத்தை இரண்டு வங்கிகளில் ஐந்தைந்து லட்சமாகப் பிரித்து, அவற்றையும் இரண்டரை லட்சங்களாக ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு, நான்காண்டு என்று போட்டிருக்கிறேன். அடுத்த ஜூலையில் அந்தத் திரை என் பக்கம் திரும்பும்போது, அதில் தெரியும் எண் என்னுடைய இரண்டரை லட்சத்தை மட்டும்தான் தொடும்.