லேப் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க: ரிமோட் டெஸ்க்டாப்பா, எஸ்எஸ்ஹெச்சா?

வேலை பல்கலைக்கழக லேப் கணினியில், நாம் இருப்பதோ வேறிடத்தில். எந்த வழியில் போவது என்று குழம்புகிறவர்களுக்காக இது. ரிமோட் டெஸ்க்டாப் என்றால் லேப் கணினியின் திரையை நம் திரையில் பார்த்து மவுஸால் இயக்குவது; எஸ்எஸ்ஹெச் (SSH) என்றால் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது. வளாகத்துக்கு வெளியிலிருந்து என்றால் இரண்டுக்குமே பெரும்பாலும் முதலில் விபிஎன் (வளாக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் பாதுகாப்பான இணைப்பு) போட வேண்டும்.

இணைய வேகம்
ரிமோட் டெஸ்க்டாப்: திரையையே அனுப்புகிறது, நெட் தடுமாறினால் கிளிக் செய்தது தாமதமாகத்தான் தெரியும்.
எஸ்எஸ்ஹெச்: போவது வெறும் எழுத்து. மெதுவான இணைப்பே போதும்.

மென்பொருள்
சாலிட்வொர்க்ஸ் (வடிவமைப்பு), ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ (வரைபடம்) போன்றவற்றுக்கு ரிமோட் டெஸ்க்டாப்தான். பைத்தான் நிரல் ஓட்ட எஸ்எஸ்ஹெச் தாராளம்.

எத்தனை பேர்
விண்டோஸ் 11 கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர். லினக்ஸில் எஸ்எஸ்ஹெச் வழியே பலர்.

இணைப்பு அறுந்தால்
பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மூடினாலும் நிரல் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் தயவுசெய்து சைன் அவுட் செய்யுங்கள். அடுத்த மாணவர் காத்திருப்பார். எஸ்எஸ்ஹெச்சில் இணைப்பு போனால் நிரலும் பெரும்பாலும் நின்றுவிடும். இணைப்பு போனாலும் நிரலை ஓடவைக்கும் டிமக்ஸ் (tmux) என்ற கருவிக்குள் ஓட்டினால் அந்தக் கவலை இல்லை. மறுபடி நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' (tmux attach) என்ற கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வடிவமைப்பு, வரைபடம் என்று மவுஸ் பிடிக்கும் வேலைக்கு ரிமோட் டெஸ்க்டாப். இரவெல்லாம் ஓடும் கணக்கீட்டுக்கு, யோசிக்கவே வேண்டாம், எஸ்எஸ்ஹெச்சும் டிமக்ஸும்.