ஷெங் மாய் கஷாயம்: குடிப்பேன், பரிந்துரைக்க மாட்டேன்

தன் அப்பாவுக்கு இதயத்துக்கு ஷெங் மாய் வாங்கித் தரலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார், அதனால்தான் எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் ரொம்ப நாளாகக் குடித்துவரும் சீன மூலிகைக் கஷாயம் அது. மூன்றே சரக்கு: ஜின்செங், மாய்தோங் கிழங்கு, வூவெய்ஸி பழம். பத்து மில்லி குப்பியில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது, ஆனால் அது என் நாக்குக்குச் சர்க்கரைத் தண்ணீர். மண்சட்டியில் நாமே வைத்தால்தான் ருசி. வூவெய்ஸியை லேசாக இடித்துப் போட்டால் முதலில் சுள்ளென்று புளிக்கும், அப்புறம் ஜின்செங்கின் கசப்பு, கடைசியில் தொண்டையில் ஓர் இனிப்பு. வெந்த மாய்தோங்கைத் தூக்கி எறிவதில்லை, நுங்கு போல வழுக்கிக்கொண்டு இறங்கும். வியர்த்துக் கொட்டிய நாளில் இதைக் குடித்தால் நா வறட்சி அடங்குகிறது, அதை மறுக்க மாட்டேன்.

எனக்குக் கடுப்பு இந்த 'இதயப் பாதுகாப்பு, ஆன்டிஆக்ஸிடன்ட்' பேச்சுதான். பொட்டலம் கட்டும்போதெல்லாம் கடைக்காரர் தான்ஷென் வேரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த வேரில் சால்வியனோலிக் அமிலம் உண்டு, தண்ணீரில் கரையும், ஆய்வகத்தில் நன்றாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது, சரி. ஆனால் அதே வேரின் பெயர்பெற்ற டான்ஷினோன்கள் என்ற சேர்மங்கள் தண்ணீரில் லேசில் கரையாதவை, அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சட்டியில் இறங்குவது கொஞ்சம்தான். சோதனைக் குழாயிலும் எலியிலும் தெரிந்ததை அப்படியே என் நெஞ்சுக்குள் நடப்பதாகச் சொன்னால் எப்படி?

ஆய்வே இல்லை என்று சொல்வதும் நியாயமில்லை. மாரடைப்பு வந்த 3,797 பேரிடம் சீனாவில் நடந்த, டோங்ஷின்லுவோ என்ற சீன மருந்தைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் கொடுத்தபோது, முப்பது நாளில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 5.2 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. பெரிய விஷயம்தான். ஆனால் அது அளவு குறித்துத் தயாரித்த கேப்சூல், ஜின்செங் தவிர மற்றதெல்லாம் வேறு சரக்குகள். அதைக் காட்டி என் சட்டிக்குச் சான்றிதழ் வாங்க முடியாது.

நண்பரின் அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். தான்ஷென் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம், ஜின்செங்கும் அந்த மாத்திரையோடு ஒத்துப்போவதாகச் சொல்ல முடியாது. எனவே வாங்காதீர்கள், கேட்பதானால் இதய டாக்டரிடம் கேளுங்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். எனக்கு மட்டும் அடுத்த மாதப் பொட்டலத்துக்குச் சொல்லியாச்சு, தான்ஷென் இல்லாமல்.