காம்பில் தொடங்கும் அழுகல்: ஒரு தர்பூசணி வெட்டுச் சேவையை இரண்டு பருவம் பயன்படுத்திய பிறகு

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் மார்கழியில் விதைத்த தர்பூசணி பங்குனியில் வெட்டுக்கு வந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கோயம்பேட்டுக்கு அனுப்பிய ஒரு லோடில் பழங்கள் காம்புப் பக்கம் கறுத்துப் போயிருந்ததாக மண்டியிலிருந்து தொலைபேசி வந்தது. கொல்லையில் ஏற்றும்போது பளபளவென்று இருந்த பழங்கள்தாம் அவை. அதன் பிறகே ஆள், கத்தி, தரம் பிரித்தல், கழுவுதல், ஏற்றுதல் அனைத்தையும் சேர்த்துச் செய்து தரும் ஒரு குழுவை அமர்த்தினேன். வழக்கமான ஏற்றுக்கூலியைவிட டன்னுக்கு 300 ரூபாய் கூடுதல். குறையும் சொல்லப்போவதால் அவர்கள் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

அந்தக் கூடுதல் தொகைக்கு ஈடானது அவர்களுடைய கத்திதான். எங்கள் ஊர் ஆட்கள் பழத்தைக் கொடியிலிருந்து திருகிப் பறிப்பார்கள். காம்பு அடியோடு பிய்ந்து தோலில் ஒரு பள்ளம் விழும். இவர்களோ இரண்டு அங்குலக் காம்பை விட்டு நறுக்குகிறார்கள், அவ்வப்போது கத்தியை பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். காம்பழுகலை உண்டாக்கும் லேசியோடிப்ளோடியா என்ற பூஞ்சை காய்ந்த கொடியிலும் சருகிலும் தங்கியிருந்து, வெட்டுவாய் வழியாகவே பழத்துக்குள் இறங்குகிறது. காம்பு நீளமாக இருந்தால் அது தோலை எட்டுவதற்குள் பழம் விற்றுவிடும். முதலில் காம்பு பழுப்பேறிச் சுருங்கும். பிறகு அதைச் சுற்றியுள்ள தோல் நீர் கோத்ததுபோல் மென்மையாகும். விரலால் அழுத்தினால் குழி விழும். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் இது மிக வேகமாகப் பரவுவதால், பங்குனி வெயிலில் தார்ப்பாய் போர்த்திய லாரி அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கியதைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. விடியற்காலையில் பழம் நீரேறி விறைத்திருக்கும், சிறிய தட்டலுக்கே வெடித்துவிடும், பனி ஈரமும் தோலில் இருக்கும் என்று அவர்கள் விளக்கிய பின்னரே அந்த நேரத்தின் நியாயம் புரிந்தது.

தரம் பிரிப்பவர் வயதான ஓர் அம்மா. ஒவ்வொரு பழத்தையும் புரட்டி, மண்ணில் பட்டிருந்த மஞ்சள் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே வைக்கோலில் வைத்தார். ஒரு பழத்தின் அடியில் மாவு தூவினாற்போல வெண்படலம் இருந்தது. நான் துடைத்துவிட்டு ஏற்றச் சொன்னேன். “வேணாம் தம்பி, இது ஒண்ணு சுத்தி இருக்கிற நாலையும் சேத்து இழுத்துக்கும்,” என்று ஓரமாக வைத்தார். அது பைட்டோப்தோரா அழுகல். நாம் பூஞ்சை என்று பொதுவாகச் சொன்னாலும் அறிவியல்படி அது நீர்ப்பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. வெட்டுக்கு முன் மழை பெய்து பாத்தியில் நீர் தேங்கினால் வரும், பழத்துக்குப் பழம் தொற்றும். வட்டமாகக் குழிந்த புள்ளிகளும் அதன் நடுவில் வெளிர்சிவப்புப் பசையும் தெரிந்த, ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் தாக்கிய பழங்களையும் அவர் விடவில்லை. அன்று கழித்தவை 37 பழங்கள். வயிறு எரிந்தது என்றாலும் அந்த லோடுக்கு மண்டியில் கழிவு பிடிக்கவில்லை.

இனி குறை. இந்தச் சேவையின் விளம்பரத்தில் முதலிடம் பெறுவது கழுவும் தொட்டி. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் எல்லாப் பழங்களையும் முக்கி எடுக்கிறார்கள். குளோரின் வேலை செய்ய அது நீரில் 100 முதல் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருக்க வேண்டும், காரத்தன்மையும் ஏறிவிடக் கூடாது. மண்ணும் சருகும் சேரச் சேர அதன் வீரியம் தீர்ந்துபோகும். நான் வாங்கி வைத்திருந்த சோதனைத் தாளை முதல் டன்னின்போது நனைத்தேன், நிறம் ஏறியது. மூன்றாவது டன்னின்போது தாள் நனைந்ததே தவிர நிறம் மாறவில்லை. தொட்டி நீர் செம்மண் குழம்பாக இருந்தது. அதற்குப் பிறகு முக்கிய ஒவ்வொரு பழமும் முந்தைய பழங்களின் பூஞ்சை வித்துகளைப் புதிய வெட்டுவாயில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கும். கடைசியில் முக்கிய பத்துப் பழங்களையும் முக்காத பத்தையும் கொட்டகையில் பத்து நாள் வைத்துப் பார்த்தேன். முக்கியதில் நான்கும் முக்காததில் ஒன்றும் அழுகின. இருபது பழத்தை வைத்து விதி வகுக்க முடியாது என்றாலும் என் கொல்லைக்கு அது போதும். தண்ணீரை மாற்றும்படி சொன்னதற்கு டேங்கர் செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

தனிக்கட்டணத்தில் காம்பு நுனிக்கு மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) பசையும் தடவித் தருகிறார்கள். இது புதிய உத்தியன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ரயில் பெட்டியில் ஏற்றும்போது காம்பைப் புதிதாக நறுக்கி இதையே தடவினார்கள். பல நாள் பயணத்துக்கு அது பொருத்தம். மறுநாள் காலை கோயம்பேட்டில் இறங்கும் பழத்துக்கு வீண்செலவு. பழத்தின் மேல் பூஞ்சைக்கொல்லி தெளித்துத் தரவும் முன்வந்தார்கள். டப்பாவின் லேபிளில் அறுவடைக்குப் பின் பயன்படுத்துவது பற்றி ஒரு வரிகூட இல்லாததால் மறுத்துவிட்டேன். மருந்தடிக்கும் வேலை, அடித்த பிறகு வெட்டும்வரை விட வேண்டிய காத்திருப்பு நாட்களோடு சேர்த்து, கொடி நிற்கும்போதே முடிய வேண்டியது.

ஏற்றுவதில் குறை சொல்ல இடமில்லை. முனைப்பக்கம் தோல் மெல்லியதாக இருப்பதால் பழத்தை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்தே அடுக்குகிறார்கள், அடியிலும் ஓரங்களிலும் காய்ந்த வைக்கோல் போடுகிறார்கள், தார்ப்பாயின் முன்னும் பின்னும் காற்றுக்கு வழி விடுகிறார்கள். பாதி லாரியில் பக்கத்துக் கொல்லையின் கிர்ணிப் பழத்தை ஏற்றலாமா என்று கேட்டதற்கு, அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு தர்பூசணியின் சதையைக் குழைத்துவிடும் என்று மறுத்தார்கள். குளிர்சாதன அறை அவர்களிடம் இல்லை. 10 முதல் 15 டிகிரிக்குள் வைக்கத் தெரியாமல் ஐஸ்போல் குளிரவைத்துத் தோலில் குழி விழச் செய்வதைவிட இல்லாததே நல்லது.

வரும் பங்குனிக்கும் அவர்களுக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். தொட்டியைக் கொல்லைக்குள் இறக்க வேண்டாம் என்றதற்குச் சம்மதித்துவிட்டார்கள். கழுவும் கூலியைக் கழிப்பதற்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.