திருக்கடையூரா, வீட்டுத் திண்ணையா?

பராபவ வருடத்து ஐப்பசியில், 1966-இல் பிறந்தவன் நான். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து 2026-இல் அதே பராபவ திரும்புகிறது. மணிவிழாவைத் திருக்கடையூரில் நடத்த வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கோ வீடே போதும்.

திருக்கடையூரைக் குறை சொல்ல முடியாது. மார்க்கண்டேயனுக்காக எமனையே காலால் உதைத்த சிவன் இருக்கும் ஊர்; ஆயுள் கேட்க வேறு எங்கே போவது? ஆனால் முகூர்த்த நாளில் பிராகாரம் முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகள். பக்கத்து ஹோமத்தின் புகை நம் கண்ணில், நம் நாதஸ்வரம் அவர்கள் காதில். கலச நீரைத் தலையில் ஊற்றிய பிறகு ஈர வேட்டியோடு புகைப்படத்துக்குச் சிரிக்க வேண்டும். வேன், சாப்பாடு, புடவைச் செலவு தனி.

வீட்டில் ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு மனைவி முறத்தில் முருங்கைக்கீரையைப் பரப்புவாள். நான் எதிரே உட்கார்ந்து காம்பு பொறுக்குவேன். நான் விட்ட காம்பை அவள் பேசாமல் எடுத்து என் பக்கம் வைப்பாள். எட்டு மணிக்கு அடை, வெல்லம், கொஞ்சம் வெண்ணெய். பத்துக்குள் தூக்கம். பிறந்தநாளுக்கென்று இதில் எதை மாற்றுவது?

மனைவியிடம் கேட்டேன். "அன்றைக்கு முதல் முடிச்சுதான் நீங்கள் போட்டது, மற்ற இரண்டும் உங்கள் அக்கா. இந்த முறை மூன்றையும் நீங்களே போடுங்கள்" என்றாள்.

வேனுக்குச் சொல்லியாகிவிட்டது.