கையில் கொடுப்பதா, கோர்ட் வழியா? பிள்ளைக்கான மாதப் பணம், நான் பார்த்த வழிகள்

நான் பணம் கொடுக்கிற பக்கத்து ஆள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜீவனாம்சம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாங்க வேண்டியவர்கள், இல்லையென்றால் வக்கீல்கள். திருவொற்றியூரில் இருக்கிறேன், ஹார்பருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். நானும் மனைவியும் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது, ஒன்பது வயதுப் பெண் அம்மாவோடு கொருக்குப்பேட்டையில் பாட்டி வீட்டில் இருக்கிறாள். இன்னொரு பக்கம், புளியந்தோப்பில் என் தங்கச்சி இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு வாங்க வேண்டிய இடத்தில் நிற்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குப் பெரம்பூரில் ரயில்வே வேலை. திங்கட்கிழமை தங்கச்சியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் மாப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அதே வாரம் என் பெண்ணுக்குப் பணம் அனுப்பாமல் விட்டவன் நான். அதனால் ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அந்தப் பணம் எந்த வழியாகப் போகும், நின்றுபோனால் எதைப் பிடித்து இழுப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

எங்கள் கதையில் முதல் ரெண்டு வருஷம் கையில் ரொக்கம்தான். மாதம் 8,000 என்று மாமியார் முன்னால் வாய்ப்பேச்சு. கூலி வந்ததும் கொருக்குப்பேட்டை போய்க் கொடுத்தால் பெண்ணையும் பார்த்துவிட்டு வரலாம், அந்த சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. செலவும் கிடையாது, யார் முகத்தையும் முறிக்க வேண்டியதில்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டி நின்றது நின்றதுதான், அந்த மாதம் 3,000தான் கொடுக்க முடிந்தது, பிறகு ஒரு மாதம் சேர்த்து 10,000 கொடுத்தேன், நடுவில் மாமியார் கையில் ஒருமுறை கொடுத்தேன், எதற்கும் சீட்டு இல்லை. கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது அவள் கணக்கில் என் பாக்கி 19,000, என் கணக்கில் 6,000. யார் பொய் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. யாருமே சொல்லாமலும் இருக்கலாம், புயல் மாதத்துக் கணக்கு யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? ரொக்கத்தில் வாங்குகிறவர்தான் ஏமாறுவார் என்று நினைக்கிறோம், கொடுத்தவனுக்கும் அதே ஓட்டைதான்.

அப்புறம் ஜிபே. ரொக்கத்தைவிட எவ்வளவோ மேல், பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தால் தேதியோடு நிற்கும். ஒன்றே ஒன்று, பிள்ளைப் பணத்தோடு வேறு பணத்தைக் கலக்காதீர்கள். நான் அவள் அண்ணனுக்குக் கைமாற்றாக 15,000 ரூபாயை அவள் நம்பருக்கே அனுப்பி, அது கடனா ஜீவனாம்சமா என்று ஒரு தீபாவளி முழுக்கச் சண்டை. இப்போது குறிப்பில் 'பாப்பா, மார்ச் இரண்டாவது வாரம்' என்று எழுதித்தான் அனுப்புகிறேன். மாதச் சம்பளக்காரர் என்றால் தேதி வந்ததும் பணம் தானாகப் போகிற மாதிரி பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுவிடலாம், அது இன்னும் உத்தமம். எனக்கு அது உதவவில்லை, ஐந்தாம் தேதி என் கணக்கில் காற்றுதான் இருக்கும்.

இந்த இடத்தில் அப்பாக்களுக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது: 'பணமாத் தர மாட்டேன், என் புள்ளைக்கு வேணும்கிறத நானே வாங்கித் தர்றேன்.' நானும் சொன்னேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 2,400 ரூபாய்க்கு கவுன் வாங்கிக்கொண்டு போனேன், ஒரு சைஸ் சின்னது. அந்த வாரம் வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. பால், வாடகை, டியூஷன், காய்ச்சலுக்கு டாக்டர் என்று தினமும் கரைகிற பணத்துக்குக் கவுன் பதில் ஆகாது. பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டுவது மட்டும் நல்ல ஏற்பாடு, மற்றதெல்லாம் அவளை நம்பவில்லை என்று சொல்வதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி. இன்னொன்று, கோர்ட் ஆர்டர் என்று ஒன்று வந்த பிறகு, வாங்கிக்கொடுத்த துணிமணியை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று நாமே முடிவு செய்ய முடியாது, கழிக்கலாம் என்று ஆர்டரில் இருக்க வேண்டும்.

பேப்பருக்கு வருவோம். நம் பக்கத்தில் முதலில் போவது மகளிர் காவல் நிலையம். 1992 முதல் இருக்கிறது, ஜனங்களுக்குப் பழகிய இடம். எங்களையும் ஒரு நிலையத்தில் கூப்பிட்டு, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதி வாங்கினார்கள். மூன்று மாதம் பயந்து கொடுத்தேன். நாலாவது மாதம் அந்தத் தாளுக்கு ஒரு பலமும் இல்லை என்று லாரி ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள், உண்மைதான். அடி உதை என்றால் போலீஸ் வேண்டும். ஜீவனாம்சத் தொகையை நிர்ணயிக்கவோ வசூலிக்கவோ போலீசுக்கு அதிகாரம் கிடையாது. பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்குவது இதைவிட ஒரு படி மேல், பேசியதற்கு அத்தாட்சி இருக்கும். ஆனால் பணம் நின்றால் அதை வைத்துக்கொண்டு நேராகச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது, முதலிலிருந்து கேஸ் போட வேண்டும். முத்திரையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நம் ஏரியாவில் நிறைய.

மூன்றாவது வகை, சமரசம் செய்து அதைக் கோர்ட் பேப்பராகவே ஆக்கிக்கொள்வது. ஹைகோர்ட் வளாகத்தில் 2005-லிருந்தே சமரச மையம் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகக் கேஸ் போடுவதற்கு முன்பே லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். தங்கச்சிக்கு இது தெரியாமல் முதல் வக்கீலுக்கு நகையை அடகு வைத்தோம், அந்த வயிற்றெரிச்சல் தனி. லோக் அதாலத்தில் ஒரே கஷ்டம், ரெண்டு பேரும் வர வேண்டும். மாப்பிள்ளை மாதிரி 'வர்றேன் வர்றேன்' என்று சொல்லியே வராத ஆளிடம் அது பலிக்காது.

அவருக்கு எம்.சி.தான். வண்ணாரப்பேட்டைக்காரனுக்கு எம்.சி. என்றால் துணிக்கடை ரோடு, கோர்ட்டில் எம்.சி. என்றால் மெயின்டெனன்ஸ் கேஸ். பழைய சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. சென்னையில் குடும்ப நல நீதிமன்றத்தில் போட வேண்டும், அம்மா இப்போது இருக்கிற இடத்தை வைத்தே போடலாம். ராயபுரத்தில் சர்ச் கல்யாணமா, மண்ணடியில் நிக்காவா, கோயிலில் தாலியா என்று இந்தப் பிரிவு பார்க்காது, எல்லா மதத்துக்கும் ஒன்று. முறைப்படி கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. இடைக்காலத் தொகைக்கான மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வாய்தா வாங்கியே இழுக்கிற ஆள் எதிரில் இருந்தால் அது எப்படி நீளும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இழுத்தடிப்பதில் அவருக்கு லாபமில்லை. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும், ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் அஃபிடவிட்டில் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. மாப்பிள்ளையின் சம்பள ஸ்லிப்பில் சொசைட்டி லோன், வண்டி லோன் எல்லாம் போக கையில் வருவது சொற்பம் என்று காட்டினார். தானாக வாங்கிய கடனின் தவணையைக் கழித்துக் காட்டினால் கோர்ட் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை, அவரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆர்டர் வந்தும் தரவில்லை என்றால் வாரண்ட். அதற்கும் கட்டாவிட்டால் பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம், உள்ளே இருந்து வந்தாலும் கடன் தீராது. இதில் வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது ஒன்று: வாரண்ட் கேட்கிற மனுவைப் பணம் விழ வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். 'பாவம், தருவார்' என்று ரெண்டு வருஷம் பொறுத்தால் பழைய மாதங்களுக்கு வாரண்ட் கேட்க முடியாது. தங்கச்சிக்கு வாரண்ட் வரை போகவில்லை, சம்பளத்திலேயே பிடித்தம் வந்துவிட்டது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் விட்டுவைக்க வேண்டும், மீதியில் கைவைக்கலாம். இப்போது ஒன்றாம் தேதி தாண்டினால் அவள் அக்கவுன்டில் பணம் விழுகிறது, மாப்பிள்ளையோடு பேச்சுவார்த்தையும் கிடையாது, வாக்குவாதமும் கிடையாது.

வீட்டில் வன்முறை நடந்திருந்தால் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் வேறு இருக்கிறது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில். பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பணம், தங்க இடம், பாதுகாப்பு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம், முதலாளி நேராக அவளுக்கே செலுத்தவும் உத்தரவிட முடியும். ரெண்டு சட்டத்திலும் கேட்டால் ரெண்டு மடங்கு வராது, ஒன்றை இன்னொன்றில் கழிப்பார்கள்.

இப்போது என் கேள்வி. மாப்பிள்ளைக்குப் பொருந்தியது எனக்குப் பொருந்துமா? எனக்குச் சம்பள ஸ்லிப்பே இல்லை. டிரிப் கணக்கு, நல்ல மாதம் 28,000, ஹார்பர் கேட் வாசலில் வண்டி லைனில் படுத்த மாதம் 14,000. என்னை ஒரு மாதம் உள்ளே வைத்தால் அந்த மாதம் 14,000 கூட இல்லை. இதைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உடம்பு நன்றாக இருக்கிற ஆண் உடலுழைப்பு செய்தாவது சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வதும் எல்லாருக்குமான சட்டம் இல்லை, பிள்ளையின் தேவையையும் ரெண்டு பேர் வருமானத்தையும் பார்த்துத்தான் போடுவார்கள்.

வழி காட்டியது காசிமேட்டில் விசைப்படகில் போகிற என் கூட்டாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, சரியாக அது முடிகிற நேரத்தில் பள்ளி திறக்கும். மாதம் ஒரே தொகை என்று ஒத்துக்கொண்டு ஒவ்வொரு மே மாதமும் பாக்கிக்காரன் ஆனான். பிறகு தடைக்காலத்தில் குறைவு, மற்ற பத்து மாதம் அதிகம், வருஷக் கூட்டுத்தொகை அதேதான் என்று மாற்றிக்கொண்டார்கள். வருமானம் வருகிற தாளத்தில் பணம் போனால் பாக்கி விழுவது பாதி குறைகிறது.

அதைப் பார்த்துத்தான் நாங்களும் வாரக் கணக்குக்கு மாறினோம். எனக்குக் கூலி வாரம்தான், சனிக்கிழமை 2,000 ஜிபே. ஜூனில் பள்ளிக் கட்டணத்தில் முக்கால் பங்கு நான், கால் பங்கு அவள், அவளும் தையல் யூனிட்டில் வேலைக்குப் போகிறாள். வருஷத்துக்கு 5 சதவீதம் ஏற்றம். முக்கியமானது, இதைப் பேசி முடித்த பிறகு அவள் எம்.சி. போட்டாள், பேசியதை எழுதிய ஒரே மெமோவில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், கோர்ட் அதையே ஆர்டராக்கியது. சமாதானம் ஆன பிறகு கேஸ் போட்டதை என் அம்மா இன்னும் ஜீரணிக்கவில்லை. 'ஒத்துக்கிட்டீங்கல்ல, அப்புறம் எதுக்குடா கோர்ட்டு?' நான் ஒழுங்காக இருக்கும்வரை அந்தத் தாள் பீரோவில் தூங்கும், இல்லையென்றால் எழும், எனக்கே அது ஒரு பயம். வருமானம் நிஜமாகவே விழுந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி நானும் அதே கோர்ட்டில் மனு போடலாம், நானாக நிறுத்த முடியாது. பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டவில்லை என்பதற்காகவும் நிறுத்த முடியாது, பார்ப்பது வேறு வழக்கு, பணம் வேறு.

மொத்தமாக மூன்று லட்சம் கொடுத்துக் கையைக் கழுவுகிற யோசனையும் எனக்கு ஒருமுறை வந்தது. பிள்ளையின் உரிமையை அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது, நாளைக்குத் தேவை வந்தால் மறுபடி கேட்கலாம் என்று வக்கீல் சொன்னதும் அந்த ஆசை போய்விட்டது. அதற்குப் பதில் பத்து வயது தாண்டும் முன் போஸ்ட் ஆபீசில் செல்வமகள் கணக்கு ஆரம்பித்தேன், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், முடிந்தபோது கூடுதலாக. அது வாரப் பணத்தில் சேராது, அதையும் மெமோவிலேயே எழுதிவிட்டோம்.

எழுத மறந்தது ஸ்கூல் வேன். இத்தனை நாள் மாமியார் நடத்திக் கூட்டிப்போனார், இப்போது அவருக்கு முட்டி வலி. மாதம் 900 கேட்கிறார்கள். முக்கால் கால் கணக்கில் அது சேருமா சேராதா என்று நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பதினோரு மணி வரை பேசினோம், முடியவில்லை.